மரியபுஷ்பத்தின் மடியில் பல்சக்கரம்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. எங்கள் தொழிற்சாலைக் காலனியில் என் சமையலறைக்கும் மரியபுஷ்பத்தின் முன்னறைக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் தடிமனுள்ள சுவர். கட்டிய ஒப்பந்தக்காரர் சிமெண்டில் மிச்சம் பிடித்தார். எனக்குக் கதை கிடைத்தது. ஒட்டுக்கேட்டாயா என்று கேட்பவர்கள் அந்த ஒப்பந்தக்காரரைப் போய்க் கேட்கட்டும்.

சுவருக்கு எட்டாத சங்கதிகளும் இதில் உண்டு. தொழிற்சாலைக் கிளப்பில் நடந்த ஒத்திகைகளுக்கு நானே நேரில் போயிருந்தேன். சங்கீத ஆசை ஒன்றும் இல்லை. அங்கே மின்விசிறி நன்றாகச் சுற்றும்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "1983ஆம் ஆண்டின் அந்திப் பொழுதொன்றில் கிடாரின் இனிய நாதம் ஹைதராபாத் காற்றில் தவழ்ந்து —"

தவழவில்லை. எங்கள் பக்கத்தில் அந்தியில் தவழ்வது வார்ப்படப் பட்டறையின் புகை மட்டும்தான். அடித்தேன்.

இரண்டாவது: "மரியபுஷ்பம் ஒரு சாதாரணப் பெண். நாற்பது வயது. தொழிற்சாலையின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் —"

இதை எழுதும்போதே எனக்குக் கோபம் வந்துவிட்டது. பகலெல்லாம் அதிகாரிகளுக்கு லைன் போட்டுக் கொடுத்துவிட்டு, மாலையில் கிளப் ஆர்க்கெஸ்ட்ராவில் முதல் மின்சார கிடாரை வாசிப்பவள் என்ன சாதாரணம்? சிக்கந்தராபாத் மாதா கோயில் பாடகர் குழுவில் தானாகக் கற்றுக்கொண்டது. சேலை கட்டி, நாற்காலியில் நேராக உட்கார்ந்து, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் வாசிப்பாள். கையைப் பார்த்தால்தான் அது வேறொருத்தியின் கை மாதிரி ஓடும்.

மூன்றாவதை வைத்துக்கொள்கிறேன்: கிடார் என்பது மடியில் உட்காரும் வாத்தியம்.

[கட்டுரை மாதிரி இருக்கிறதா? இருக்கட்டும். இதைச் சொல்லாமல் மேலே போனால், "ஒரு கிடாருக்காகவா இத்தனை ரகளை?" என்று கேட்பீர்கள். காலனி முழுக்க அதைத்தான் கேட்டது.]

மின்சார கிடாருக்கு உள்ளே கூடு கிடையாது. கம்பிக்கு அடியில் உள்ள காந்தம் ஒலியை எடுத்து ஒயர் வழியாக ஒலிபெருக்கிக்கு அனுப்பிவிடும். ஆகவே கட்டையை எந்த வடிவத்தில் அறுத்தாலும் ஒன்றுதான் என்று அதை வாசிக்காதவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். ஒன்றா? கிளப்பிலிருந்த பழைய கிடாரின் இடுப்பு உள்வாங்கியிருக்கும். அந்த வளைவு தொடையில் போய்ப் பொருந்தும். பின்பக்கம் விலா படும் இடத்தைச் சீவியிருப்பார்கள். முன்பக்கம் முன்கை படியும் ஓரத்தைச் சரிவாக மழுக்கியிருப்பார்கள். கழுத்து வந்து சேரும் இடத்தில் ஒரு குடைவு. இடது கை அதற்குள் நுழைந்து கடைசிக் கட்டம்வரை போய் உச்ச சுரத்தைத் தொடும். அதைச் செய்தவன் யாரோ, எந்த ஊரோ, வாசிக்கிறவளுக்கும் ஓர் உடம்பு இருக்கிறது என்று தெரிந்தவன்.*

* அவன் ஏன் எங்கள் தொழிற்சாலையில் வேலைக்குச் சேரவில்லை என்று நான் பலமுறை வருந்தியதுண்டு.

3

அந்த ஆண்டு தொழிற்சாலைக்கு வெள்ளி விழா. டெல்லியிலிருந்து பெரிய அதிகாரிகள் வருகிறார்கள். விழாவின் தொடக்க இசையை மரியபுஷ்பமே அமைத்திருந்தாள். அத்தனை வருஷம் சினிமாப் பாட்டே வாசித்த குழுவில், அவள் சொந்தமாக உண்டாக்கிய மெட்டு மேடையேறுவது அதுவே முதல் தடவை. கீழே தயங்கித் தயங்கி ஆரம்பித்து, கடைசியில் உச்சத்துக்கு ஏறி அங்கேயே நின்றுவிடும் ஒரு மெட்டு. கிளப் கிடாரை வீட்டுக்குக் கொண்டுவந்து அவள் பழகியபோது சுவர் வழியாக அதை எத்தனை முறை கேட்டேனோ, என் பருப்பு இரண்டு தடவை அடிப்பிடித்தது.

கிளப் செயலாளர் அனந்தராமன். டிசைன் பிரிவில் துணை மேலாளர். அவருக்கு ஒரு யோசனை உதித்தது. தொழிற்சாலையின் சின்னம் பல்சக்கரம். கிடாரும் பல்சக்கரமாக இருந்தால்?

வரைந்தார். தச்சுப் பிரிவில் கொடுத்தார். பாலிஷ் மின்னும் தேக்கில், சுற்றிலும் கூரான பற்களோடு, முறம் அகலத்துக்கு ஒரு சக்கரம் வந்து இறங்கியது. அதில் பூட்டுவதற்காகக் கழுத்து, கம்பி, காந்தம் எல்லாவற்றையும் பழைய கிடாரிலிருந்து கழற்றிவிட்டார்கள். மிஞ்சிய அந்த வளைந்த உடம்பை என்ன செய்தார்கள் தெரியுமா? ஆணி அடித்து, 'வருக' என்று எழுதி, கிளப் வாசலில் மாட்டிவிட்டார்கள்.

இது என் கற்பனையாக இருந்திருந்தால் இதைவிட நம்பும்படியாகச் செய்திருப்பேன்.

வாசிப்பவளை ஒரு வார்த்தை கேட்டார்களா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கமிட்டியில் அது யாருக்கும் தோன்றவில்லை.

4

முதல் ஒத்திகை. சக்கரத்தை மடியில் வைத்தாள். இடுப்பே இல்லாத வஸ்து எப்படி உட்காரும்? இரண்டு பற்கள் தொடையில் ஊன்றின. சற்று அசைந்தால் அடுத்த பல்லுக்கு உருண்டது. ஒரு பல் விலாவில். ஒரு பல் சரியாக முன்கைக்கு அடியில். இன்னொரு பல் கழுத்தை ஒட்டி நின்று, இடது கையை மேலே போகவிடாமல் மறித்தது. சேலைக் கரை ஒரு பல்லில் மாட்டி நூல் பிரிந்தது.

பாதி மெட்டிலேயே வலது கை மரத்து, கம்பியை மீட்டும் பிளாஸ்டிக் வில்லை நழுவிக் கீழே விழுந்தது.

"சார், இதை மடியில வைக்கவே முடியல. கை மரத்துப்போகுது."

"புதுசு இல்லையா மிஸஸ் தேவசகாயம். பழகிடும்."

"செருப்பு புதுசுன்னா பழகும் சார். அரிவாள்மணை எப்படிப் பழகும்?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். (நான்தான்.)

அனந்தராமன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "தப்பா நினைக்காதேள். நீங்க கொஞ்சம் பூசினாப்ல இருக்கேள். அதனால உங்களுக்குக் குத்தறது. ரூஃபஸ், நீ எடு பார்ப்போம்."

ரூஃபஸ் குழுவின் இரண்டாவது கிடார், ஒல்லி, நெட்டை. ஸ்டோர்ஸில் தற்காலிக வேலை; நிரந்தரமாவதற்கு அனந்தராமன் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அவன் சக்கரத்தை வாரில் மாட்டித் தோளில் தொங்கவிட்டான். தேக்குக் கனத்தில் தோள் ஒருபக்கம் இறங்கியது. முகம் சுண்டியது.

"எப்படிப்பா? சௌகரியமா இருக்கா?"

"ஹவ் சார். ஃபர்ஸ்ட் கிளாஸ் சார்." ('ஹவ்' என்றால் எங்கள் ஊரில் 'ஆமாம்'.)

"டேய் ரூஃபஸ்," என்றாள் மரியபுஷ்பம், "அந்த மேல் சுரத்தைத் தொடு பார்ப்போம்."

அவன் விரல் பல்லில் முட்டித் திரும்பி வந்தது. "அக்கா, எதுக்கு என்னை மாட்டிவிடறீங்க?" என்றான் மெதுவாக.

அப்போது அனந்தராமன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். அலங்காரம் ஒன்றும் சேர்க்கவில்லை. "ஏன் மேலயே போகணும்? மெட்டைக் கொஞ்சம் கீழயே முடிச்சுடுங்கோளேன். யாருக்குத் தெரியப்போறது?"

கட்டை மாறாதாம். மெட்டு மாற வேண்டுமாம்.

5

இந்த இடத்தில் எனக்கொரு சந்தேகம். அனந்தராமனை நான் வில்லனாக்கிவிட்டேனோ? உண்மையில் நல்ல மனுஷன். தார்நாகாவிலிருந்து ஸ்கூட்டரில் வரும்போது வழியில் பார்த்தால் ஏற்றிக்கொள்வார். காலனிக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பார். "அனந்தராமன் நல்லவர், ஆனால் —" என்று ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். 'ஆனால்' வந்ததும் பேனா நின்றுவிட்டது. நல்லவர் வரைந்த பல்லும் குத்தத்தான் செய்யும். நல்லவரிடம் சண்டை போடுவது கஷ்டம் என்பது கூடுதல் உபத்திரவம்.

அடுத்த ஒத்திகையில் அவள் வாசிக்க உட்காரவில்லை. தன் நாற்காலியைக் காட்டி, "சார், ஒரு பாட்டு முடியறவரைக்கும் நீங்க உக்காந்து பிடிங்களேன். வாசிக்க வேண்டாம். சும்மா பிடிங்க," என்றாள்.

எல்லாரும் பார்க்க, மறுக்க முடியுமா? உட்கார்ந்தார். மற்றவர்கள் மெட்டை வாசித்தார்கள். மனுஷன் கொஞ்ச நேரத்தில் இந்தத் தொடையிலிருந்து அந்தத் தொடைக்கு மாற்றினார். பிறகு கையை எடுத்து உதறினார். அப்புறம் யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில் பெல்ட்டை நகர்த்திக்கொண்டார்.

"எப்படி சார் இருக்கு?"

"சௌகரியமாத்தான் இருக்கு."

எழுந்தார். வெள்ளைச் சட்டைக் கைக்குக் கீழே, முன்கையில் பள்ளமாக, சிவப்பாக ஒரு பல்லின் அச்சு. அறையில் இருந்த எல்லாரும் பார்த்தோம். அவரும் பார்த்தார். சட்டைக் கையை இழுத்துவிட்டு, "நாளைக்குள்ள முடிவு சொல்லிடுங்கோ. இல்லேன்னா ரூஃபஸ் வாசிப்பான், கீழயே முடிச்சு," என்று போய்விட்டார்.

அவருக்கு நிஜமாகவே வலிக்காமல் இருந்திருந்தால்கூட மன்னித்திருப்பேன். வலித்தது, தெரிந்தது, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

6

அன்று சுவர் வழியாகக் கேட்டவை.

தேவசகாயம் அவள் கணவர், ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். முந்தைய படியில் அவரை மனைவிக்காகக் கொதிக்கும் வீரனாக எழுதியிருந்தேன். எடுத்துவிட்டேன், அந்த வீட்டில் கொதித்தது சோறு மட்டும்தான்.

"ஒரு அரம் போதும் புஷ்பம். ரெண்டு பல்லை ராவி எடுத்துட்டா உக்காந்துடும்."

"ராவினா? கம்பெனிச் சின்னத்தைச் சேதப்படுத்திட்டான்னு மெமோ குடுப்பாங்க. வேலை போகும்ங்க."

"அப்ப அந்தப் பையன் வாசிக்கட்டும். நக்கோ, வேணாம் இந்த வம்பு."

"வாசிக்கட்டும். நுனியை வெட்டிட்டு வாசிப்பான். ஜனங்க கைதட்டுவாங்க. அதுதான் என் மெட்டுன்னு நினைச்சுப்பாங்க."

"அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்," என்றாள். சோற்றுப் பானையை இறக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "கேட்டுக்கிட்டு இருக்கீங்களா சாந்தாக்கா? இதை எழுதறதா இருந்தா, நான் அழுதேன்னு மட்டும் எழுதிடாதீங்க," என்று சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

எழுதவில்லை. அழவும் இல்லை.

7

முடிவுக்கு வந்துவிட்டோம். கைவசம் மூன்று இருக்கின்றன.

அ. விழா மேடையில் எல்லார் முன்னாலும் அரத்தை எடுக்கிறாள். டெல்லிக்காரர்கள் எழுந்து நின்று — (கைதட்டுவார்களா, போலீஸைக் கூப்பிடுவார்களா? எனக்கே நம்பிக்கை வராததால் இத்தோடு விட்டேன்.)

ஆ. பற்கள் குத்தக் குத்த வாசித்து, கை எப்படியோ உச்சத்தைத் தொட்டுவிடுகிறது. மண்டபமே உருகுகிறது. அனந்தராமன் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். இதை யாருக்கெல்லாம் படித்துக் காட்டினேனோ அவர்கள் எல்லாருக்கும் பிடித்தது. எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது. அவள் வலியைப் பொறுத்துக்கொண்டால் உங்களுக்கு அழகாக இருக்கிறது, இல்லையா? அப்புறம் அடுத்த வருஷமும் அதே சக்கரத்தைத்தான் கொண்டுவந்து வைப்பார்கள், போன வருஷம் வாசித்தாளே என்று.

இ. அவள் வரவில்லை. ரூஃபஸ் வாசிக்கிறான். மெட்டு ஏற வேண்டிய இடத்தில் ஏறாமல் நின்றுவிடுகிறது. யாருக்கும் தெரியவில்லை. அவள் ஒருத்தியைத் தவிர — சரி, சுவருக்கு இந்தப் பக்கம் இருந்த என்னையும் சேர்த்து.

என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால், "ஓ, அப்படியா," என்று புத்தகத்தை மூடிவிட்டுக் காப்பி போடப் போவீர்கள்.

நீங்களே முடியுங்கள். ஒரு நிபந்தனை. உங்கள் வீட்டு மேசைக்குப் போங்கள். வலது முன்கையின் உள்பக்கத்தை அதன் கூரான விளிம்பில் முழுப் பாரத்தோடு அழுத்தி வையுங்கள். எடுக்கக் கூடாது. விரல்களை மட்டும் ஆட்டிக்கொண்டே இருங்கள், ஒரு பாட்டு முடியும் நேரத்துக்கு. முதலில் எறும்பு ஊரும். பிறகு சுண்டுவிரல் உங்களுடையதாக இருக்காது. அப்போது பக்கத்தில் யாரையாவது, "பழகிடும்," என்று சொல்லச் சொல்லுங்கள்.

மேடையில் நாற்காலி போட்டாயிற்று. அதன் மேல் சக்கரம் மின்னுகிறது. மரியபுஷ்பம் திரைக்குப் பின்னால் நிற்கிறாள்; ரூஃபஸ் அவள் முகத்தைப் பார்க்காமல் நிற்கிறான். பெயரை அறிவித்துவிட்டார்கள்.

விரலில் உணர்ச்சி திரும்பும்வரை காத்திருக்க வேண்டாம். அந்தக் கையாலேயே எழுதுங்கள்.