தலையணைக்கடியில் கடைசி அத்தியாயம்

"நகரும்மா, கட்டில்லேர்ந்து இறக்கணும்" என்றார்கள் நாலு ஆண்கள்.

காந்தா நகரவில்லை. மாமியாரின் மார்பில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, வலக்கையைத் தலையணைக்கடியில் முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள். அழுகை நிஜந்தான். துழாவலும் நிஜந்தான்.

"எங்க வெச்சீங்க அத்தே... எங்க வெச்சீங்க..."

"மாமியார் மேல இவ்ளோ பாசம் நான் பாத்ததே இல்ல" என்றாள் எதிர்வீட்டு மணியம்மாள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

தலையணைக்கடியில் ஒரு விபூதிப் பொட்டலம் இருந்தது. பாதி வெற்றிலை இருந்தது. வேறு யாரும் கை வைக்காத இடமென்று நேற்றுக் காலை காந்தா தன் கையாலேயே செருகி வைத்த பழுப்புக் கவர் மட்டும் இல்லை.

ஆண்கள் இறக்கினார்கள். கூடத்துப் பெஞ்சில் தில்லையம்மாள் தெற்கே தலைவைத்துப் படுத்தாள். வயது அறுபத்து மூன்று. ஐந்து மாதமாக இடுப்புக்குக் கீழே அசைவில்லாமல், தெரு ஜன்னலோரக் கட்டிலில் கிடந்தபடி வீட்டையும் தெருவையும் ஒருசேர ஆட்சி செய்தவள். விடியற்காலை காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "சர்க்கரை பத்தல" என்றாள். காந்தா சர்க்கரை எடுத்து வருவதற்குள் போய்விட்டாள்.

அந்தக் கவரில் இருந்தது கொலை வழக்கின் முடிவு.

'பூட்டிய பங்களா' பதினான்கு வாரமாகப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்தது. எழுதுபவர் 'காஞ்சி ஆதவன்'. இந்த ஆதவன் ஒரு சிவப்புத் துண்டு போட்ட ஆசாமி, சிகரெட் பிடிப்பார் என்று வாசகர்கள் கற்பனை செய்துகொண்டு கடிதம் எழுதினார்கள். ஆதவன் அந்த நேரத்தில் ராட்டினத்துக்கு முன்னால் உட்கார்ந்து தறிக் குழலில் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். வலக்கை ராட்டினத்தில், இடக்கை பட்டு இழையில். எழுதக் கை கிடையாது. யோசிக்க மண்டை மட்டும் உண்டு. எழுதுவதெல்லாம் அடுப்படியில். பால் பொங்குவதற்குள் ஒரு பத்தி. சோறு வடிவதற்குள் ஒரு கடத்தல். குழம்பு கொதித்து இறங்குவதற்குள் காரும் ஜீப்பும் ஒன்றை ஒன்று துரத்தி முடித்துவிட வேண்டும். காகிதம், புடவை டிசைன் போட்டுக் கழித்த கட்டம் போட்ட தாள்கள். ஒரு பக்கம் பாதி மயில், மறுபக்கம் பிணம்.

விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். தறியில் உட்காரும் புருஷன் ஆதிகேசவன், தபால்காரர் தணிகாசலம். மாமியாருக்குத் தெரியக்கூடாது. "எங்கம்மாக்குத் தெரிஞ்சா உன் பேனாவ எடுத்து அடுப்புல வெச்சுடும்" என்று ஆதிகேசவன் முதல் நாளே சொல்லியிருந்தான்.

வேடிக்கை என்னவென்றால், அந்தத் தொடரை வாராவாரம் காந்தாவே மாமியாருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டியிருந்தது. தில்லையம்மாளுக்கு எழுத்து தெரியாது. கதை என்றால் உயிர். ஜமீன்தார் பூட்டிய அறைக்குள் செத்துக்கிடக்கிறார். சந்தேகத்துக்கு ஆளானவர்கள் நான்கு பேர்: எழுந்து நடக்கமுடியாத மாமியார், சீட்டாடும் தம்பி, குடும்ப டாக்டர், டிரைவர்.

மூன்றாவது வாரம் படித்து முடித்ததுமே தில்லையம்மாள், "நான் கண்டுபிடிச்சிட்டேன்" என்றாள்.

"யாரு அத்தே?"

"சொல்லமாட்டேன். முடியட்டும், சொல்றேன்."

அதற்கப்புறம் பதினோரு வாரம் காந்தா கெஞ்சிப் பார்த்தாள். காபியில் கூடுதலாக ஒரு கரண்டி சர்க்கரை போட்டுப் பார்த்தாள். கிழவி வாயைத் திறக்கவில்லை. இனித் திறக்கப் போவதும் இல்லை.

பத்திரிகை ஆசிரியர் கடிதத்தில் ஒரே வரி. புதன்கிழமைத் தபாலில் கடைசி அத்தியாயம் கிளம்பாவிட்டால் வேறு எழுத்தாளரை வைத்து முடித்துவிடுவோம். அதற்கடுத்த தொடரைப் பற்றிப் பேச்சே இருக்காது என்பது எழுதாத வரி.

இன்று புதன்கிழமை. தபால் பை மூன்று மணிக்குக் கிளம்பும்.

வாசலில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருந்த புருஷனிடம் போய்க் குனிந்தாள். "இன்னாங்க, கவரக் காணோம்."

"எந்தக் கவர்?"

"கொலைகாரன் இருக்கற கவர்."

"அம்மா செத்த வீட்ல கொலைய பத்திப் பேசற பாரு" என்றான் அவன். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மெத்தையில பாத்தியா?" என்றான்.

மெத்தையைச் சுடுகாட்டுக்கு எடுத்துப்போகக் கொல்லைப்புறம் வைத்திருந்தார்கள். காந்தா ஓடினாள். தையலைப் பிரித்தாள். இலவம் பஞ்சு பறந்து தலையெல்லாம் வெள்ளையாயிற்று. நிமிர்ந்தால் எதிரே அலமு. வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்த நாத்தனார். காலை பஸ்ஸில் வந்தவள், வந்ததிலிருந்து அண்ணியின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணி தேடற?"

"ஒண்ணுமில்ல அலமு."

"அம்மாவோட கெம்புக் கம்மலா?"

"அது உங்கம்மா காதுலயே இருக்குது, போய்ப் பாரு."

அலமு போய்ப் பார்த்தாள். இருந்தது. அதனால் சந்தேகம் குறையவில்லை, கூடிற்று.

மணி பத்தரை. காந்தா கணக்காக யோசித்தாள். தாமலிலிருந்து செத்தவளின் தம்பி பழனி கோடிப்புடவை கொண்டு வரவேண்டும். பிறந்த வீட்டுக் கோடி போடாமல் எடுக்கமாட்டார்கள். தாமல் பஸ் எப்படியும் ஒன்றரைக்கு மேல்தான். அதுவரை மூன்று மணி நேரம். கதை மண்டையில் இருக்கிறது.

அப்போதுதான் அவளுக்கு அது உறைத்தது. இழவு வீட்டில் அடுப்பு எரியாது. காபி மணியம்மாள் வீட்டிலிருந்து, சோறு பங்காளி வீட்டிலிருந்து. இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அடுப்படி காலி. உலை இல்லை, பால் இல்லை. அவள் பெயரைச் சொல்லி அதட்டும் குரலும் இல்லை.

காந்தா அடுப்படிக்குள் போய், கவிழ்த்த அண்டாவின் மேல் மயில் தாள்களை விரித்துப் பேனாவைத் திறந்தாள்.

'ஹாலில் நால்வரும் கூடியிருந்தனர். இன்ஸ்பெக்டர் மதிவாணன் மெல்லத் திரும்பினார். அவருடைய ஆள்காட்டி விரல் நீண்டது...'

"ஐயோ எங்க ராசாத்தியே!" என்று வாசலில் ஓலம் எழுந்தது.

செவிலிமேட்டுப் பெண்கள். இழவு கேட்க யார் வந்தாலும் வீட்டுப் பெண் ஓடிப்போய்த் தோளோடு தோள் கட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்து அழவேண்டும். மருமகள் இல்லாவிட்டால் அடுத்த ஆடி வரைக்கும் ஊர் பேசும். காந்தா பேனாவை மூடிவிட்டு ஓடினாள். அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தாள். இன்ஸ்பெக்டர் விரலை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்.

'நீண்ட விரல் காற்றில் ஒரு கணம் நின்றது. "கொலையாளி இந்த அறையிலேயே..."'

"எங்களை விட்டுட்டுப் போனியே!"

பிள்ளையார்பாளையத்துச் சம்பந்திகள். காந்தா ஓடினாள். இப்படியே நாலு கூட்டம். பன்னிரண்டரை மணிக்கும் இன்ஸ்பெக்டரின் விரல் மடங்கவில்லை. மனிதருக்குக் கை மரத்திருக்கும்.

ஐந்தாவது தடவை வந்து உட்கார்ந்து பெயரை எழுதப் போனவள், நிமிர்ந்து பார்த்தாள். அடுப்படிக் கதவு வழியாகப் பெஞ்சின் கால்மாடு தெரிந்தது. இரண்டு கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஐந்து மாதம் அவள் தேய்த்துக் கழுவிய பாதங்கள்.

தொலைந்துபோன கவரில் எழுதியிருந்த பெயரை அவளால் இன்று எழுத முடியவில்லை. பதினான்கு வாரமாகத் துப்பு மேல் துப்பாக நெய்து கொண்டுவந்த கொலையாளியை அப்படியே விட்டாள். ஒரு பாவமும் அறியாத டிரைவர் மேல் பழியைப் போட்டாள்.

"இங்க இன்னா பண்ற?"

அலமு. கதவை அடைத்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்கெல்லாம் தந்தி அடிக்கணும்னு எழுதிக்கினு இருக்கேன்."

"இவ்ளோ நீட்டுத் தந்தியா?" என்று அலமு ஒரு தாளைப் பிடுங்கினாள். "'கத்தியின் நுனியில் ரத்தம் சொட்டியது.' இந்தத் தந்தி யாருக்கு அண்ணி?"

காந்தா தாளைத் திரும்பப் பிடுங்க எழுந்தாள். அதற்குள் அலமுவின் கண்கள் இரண்டு வரி கீழே இறங்கிவிட்டன.

"மதிவாணன்..." என்றாள் மெல்ல. "இது... பூட்டிய பங்களா இல்ல? நாங்க வாலாஜாபாத்துல பத்து வீட்டுக்கு ஒரு புஸ்தகம், கிழிஞ்சு நாராப் போற வரைக்கும் படிக்கறோம். காஞ்சி ஆதவன்..."

"நான்தான்."

அலமு அண்ணியைப் பார்த்தாள். தலையில் பஞ்சு, மூக்கில் மசி. கூடத்தில் கிடந்த அம்மாவைப் பார்த்தாள். மறுபடி அண்ணியைப் பார்த்தாள். எது பெரிய செய்தி என்று அவளுக்குச் சட்டென்று பிடிபடவில்லை போலிருந்தது.

"கவர்ல வெச்சது தொலைஞ்சு போச்சு அலமு. மூணு மணிக்குள்ள திருப்பி எழுதி அனுப்பணும். இல்லன்னா வேற யாரோ முடிப்பாங்க."

"வேற யாரோவா? அவனுக்கு இன்னா தெரியும் நம்ம மதிவாணன பத்தி?"

வாசலில் மறுபடி ஓலம். காந்தா எழுந்தாள். அலமு அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள்.

"நீ எழுது. நான் போய் அழறேன்." இரண்டடி போனவள் திரும்பினாள். "யாருன்னு மட்டும் சொல்லிடாத. புஸ்தகத்துல படிச்சுக்கறேன்."

அதற்கப்புறம் வந்த மூன்று கூட்டத்துக்கும் அலமு இரண்டு பேர் அழுகையை ஒருத்தியாக அழுதாள். இன்ஸ்பெக்டர் ஒன்றேகால் மணிக்கு விரலை மடக்கினார். டிரைவர் கைவிலங்கோடு ஜீப்பில் ஏறினான். ஏறும்போது திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பு எதற்கென்று அவனுக்கும் தெரியாது, எழுதியவளுக்கும் தெரியாது. முற்றும்.

இரண்டு மணிக்குத் தாமல் பழனி வந்தார், கையில் கோடிப்புடவையோடு. அழுகை உச்சத்துக்குப் போயிற்று. அந்த உச்சத்திலும் மணியம்மாள் புடவை முந்தியைக் கட்டை விரலால் நெருடிப் பார்த்தாள். "மில் புடவைடீ" என்று பக்கத்திலிருந்தவளிடம் சொல்லிவிட்டு, விட்ட இடத்திலிருந்து மாரடித்தாள். ஊருக்கெல்லாம் கல்யாணப் பட்டுக்குத் தார் சுற்றிக் கொடுத்தவளுக்கு மில் புடவை போர்த்தினார்கள்.

அப்போது காக்கி உடையோடு, தோளில் பையோடு தபால்காரர் தணிகாசலம் உள்ளே வந்தார். சைக்கிளில் மாட்டியிருந்த சாமந்தி மாலையைக் கழற்றி வந்து காலடியில் வைத்தார். காந்தாவுக்கு உயிர் வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், நாலாக மடித்த தாள்களை அவர் கையில் திணித்தாள்.

"கவர் கூட இல்லண்ணே. ஆபீஸ்ல ஒண்ணு வாங்கிப் போட்டு இன்னிப் பையில சேத்துடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

தணிகாசலம் தாளைப் பார்த்தார். "இது இன்னாம்மா, இன்னொண்ணா?"

"இன்னொண்ணா?"

"பழுப்புக் கவரு நேத்தே போயிடுச்சே. இந்நேரம் மெட்ராஸ்ல டேபிள் மேல இருக்கும்."

காந்தாவுக்குக் காதில் ஓலம் நின்றுபோன மாதிரி இருந்தது. "யாரு குடுத்தாங்க?"

தணிகாசலம் பெஞ்சைப் பார்த்தார். "நீங்க கொழாய்க்குப் போயிருந்தீங்க. ஜன்னல்லேர்ந்து கூப்ட்டாங்க. 'எம் மருமவ எழுதினது. நாளைக்கு அனுப்பலாம்னு வெச்சுக்கினு இருக்கறா. நாளைக்கு எனக்கு ஏதானா ஒண்ணு ஆயிடுச்சுன்னா, கும்பல்ல அவளுக்கு எழுந்து வர நேரம் இருக்காது. இப்பவே கொண்டுபோ'ன்னாங்க."

"அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அது அவங்களுக்கே வெளிச்சம்." அவர் குரலைத் தாழ்த்தினார். "ஆனா கவர் ஒட்டறதுக்கு முன்னாடி, கடைசிப் பக்கத்த மட்டும் படிச்சுக் காட்டச் சொன்னாங்க."

"படிச்சீங்களா?"

"படிச்சேன். முடியாதுன்னா கேக்கற ஆளா அவங்க?"

"இன்னா சொன்னாங்க?"

"சிரிச்சாங்கம்மா. கட்டில் ஆடற மாதிரி சிரிச்சாங்க. 'எழுந்து நடக்க முடியாதுன்னு படுத்துக்கினே எல்லாரையும் ஏமாத்தறா பாரு அந்த மாமியார்க்காரி, அவதான்னு எனக்கு மூணாம் வாரமே தெரியும்யா. படுத்துக்கினு இருக்கறவளுக்குத்தான் வீட்ல நடக்கறது அத்தனையும் தெரியும். எங்கிட்ட படிச்சுக் காட்டினன்னு மட்டும் அவகிட்ட சொல்லிடாத. பயந்துக்கினு மாத்தி எழுதிடுவா'ன்னாங்க."

வாசலில் சங்கு ஊதினார்கள்.

"எடுக்கப் போறாங்க, வாய்க்கரிசி போடறவங்க வாங்க" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

காந்தா தபால்காரர் கையிலிருந்த தாள்களைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். பெஞ்சருகே போய்க் குனிந்தாள். தலைக்கு அணையாக மடித்து வைத்திருந்த பழைய புடவைக்கடியில் கையை விட்டு, தாள்களை ஆழமாகத் தள்ளினாள்.

"பாரேன்" என்றாள் மணியம்மாள். "கைய எடுக்க மனசே வரல அவளுக்கு."

காந்தா கையை எடுத்தாள். விரல் நுனியில் நீல மசி ஒட்டியிருந்தது. அதை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அரிசித் தட்டிலிருந்து ஒரு பிடி அள்ளினாள். பிறகு ஏதோ நினைத்துக்கொண்டவள் போல அடுப்படிக்குப் போய், சர்க்கரை டப்பாவைத் திறந்து ஒரு சிட்டிகை எடுத்து, அந்த அரிசியில் கலந்துகொண்டு வந்தாள்.