கரிநாளுக்கு முந்தின மாலை

ருல்லுஸ் கடைசியாக ஒரு விஷயத்துக்குச் "சரி" என்று சொன்னது ரோமாபுரிக்கு மதில் எழும்புவதற்கு முன்பு என்று அவெந்தின் குன்றில் பேச்சு. கூடப்பிறந்த விபிடியாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. எதிரில் யாராவது தும்மினால் அண்ணன் உட்கார்ந்துவிடுவார். வாசற்படியில் கால் இடறினால் திரும்பிப்போய்ப் படுத்துக்கொள்வார். ஒருமுறை அப்படிப் படுத்தவர் எழுந்தபோது திராட்சை அறுவடையே முடிந்திருந்தது.

விபிடியா விதவை. தகப்பன் விட்டுப்போன வீட்டின் முன்பக்கத்தில் சாப்பாட்டுக் கடை நடத்தினாள். பின்கட்டில் அண்ணன். ஏலம் கூவி ஓய்ந்த கிழவர் மெட்டியுஸ் தினமும் அங்கேதான் கொண்டைக்கடலைக் கஞ்சி குடிப்பார். அந்தக் காலத்தில் அவர் இந்தக் கரையில் கூவினால் தைபர் ஆற்றின் அந்தக் கரையில் கழுதைகள் கைமாறுமாம். இருவருக்கும் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. ஆனால் தகப்பன் இல்லாத பெண்ணுக்கு அண்ணன்தான் காப்பாளர். அவர் தன் கையால் சேர்த்துவைக்காத கல்யாணத்தைத் தெருவில் ஒருத்தரும் கல்யாணமென்று ஒப்பமாட்டார்கள்.

ருல்லுஸ் மறுக்கவில்லை. நாள்தான் கிடைக்கவில்லை. பிப்ரவரியில் செத்தவர்களுக்குப் படையல். மே மாதம் முழுக்கப் பேய் நடமாட்டம். ஜூனில் வெஸ்தா கோயில் குப்பையை ஆற்றில் கொட்டும்வரை கூடாது. ஜூலையில் காலியர்களிடம் நம் படை உதை வாங்கிய நாள். அதன் வாடை மாதக் கடைசிவரை அடிக்கும் என்பது அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு.

இந்த நேரத்தில் மெட்டியுஸின் அக்கா மகன் காபுவாவிலிருந்து வண்டியோடு வந்து இறங்கினான். மாமனின் மாடி அறையைக் காலிசெய்து வீட்டுக்காரரிடம் சாவியையும் கொடுத்துவிட்டான். விடிந்தால் மார்ச் ஈதுஸ், மாதத்தின் நடுநாள். ஈதுஸுக்கு மறுநாள் கரிநாள். யாரும் பயணம் கிளம்பமாட்டார்கள். அதற்கு மறுநாள் அதிகாலையில் வண்டி புறப்படும், கிழவரோடு.

"நாளைக்கே முடிச்சிருவோம்ணே," என்றாள் விபிடியா.

ருல்லுஸ் காதைப் பொத்திக்கொண்டார். "மார்ச் ஈதுஸா? புத்தி கெட்டுப்போச்சா உனக்கு? சர்வாதிகாரியக் குத்திப்போட்ட நாளு! குத்துன மண்டபத்தையே சுவர் வெச்சு அடைச்சுட்டாங்க. செனட்டே அன்னிக்குக் கூடாதுன்னு உத்தரவு."

"அவங்க கூட வேணாம். நாங்க கூடிக்கிறோம்."

"திருநாளும் அதுவுமா யாராவது கல்யாணம் பண்ணுவாங்களா?"

"கன்னிப்பொண்ணுதான் பண்ணக்கூடாது. திருநாள்ல புதுப்பள்ளம் தோண்டக்கூடாது, பழைய வாய்க்காலத் தூர்வாரலாம்னு பூசாரிங்க சொல்லலையா? நான் பழைய வாய்க்கால்தானே?"

கஞ்சி குடித்துக்கொண்டிருந்த மீன்காரி செஸ்தியாவுக்குப் புரையேறிவிட்டது. ருல்லுஸ் சிவந்துபோய்க் கடைசி அஸ்திரத்தை எடுத்தார். "இருக்கட்டும்டியம்மா. அதுக்கு மறுநாள் கரிநாள். புதுப்பொண்ணு புருஷன் வீட்டு தெய்வங்களுக்கு மொத படையல் வைக்கணுமே, கரிநாள்ல எப்பிடி வைப்பே?"

விபிடியா சட்டியைத் தேய்த்துக்கொண்டே யோசித்தாள்.

மறுநாள் ஊரே ஆற்றங்கரையில் இருந்தது. அன்னா பெரென்னா தேவியின் திருவிழா. தழைக்குடிசை போட்டு உட்கார்ந்து, இன்னும் எத்தனை வருஷம் வாழ ஆசையோ அத்தனை கிண்ணம் குடிப்பார்கள். மெட்டியுஸ் குடித்த கணக்குக்கு அவர் இன்றைக்கும் நம்மோடு இருந்தாக வேண்டும்.

பொழுது சாயும்போது பந்தங்களோடு ஒரு கூட்டம் கடை வாசலுக்கு வந்தது. நடுவில், விபிடியாவும் செஸ்தியாவும் ஆளுக்கொரு தோளைத் தாங்க, மாலை சரிந்த மெட்டியுஸ். காலையிலிருந்து தாழ் போட்டுக்கொண்டு உள்ளேயே கிடந்த ருல்லுஸ் கதவைத் திறந்தார்.

"அண்ணே, நான் எந்த வீட்டுக்கும் போகல," என்றாள் விபிடியா. "அவருக்குத்தான் வீடே இல்லையே. அவரு இங்க வர்றாரு. நம்ம வீட்டு தெய்வத்துக்கு நான் என்ன புதுப்பொண்ணா? நாளைக்குப் படையலே தேவையில்ல."

ருல்லுஸ் வாயைத் திறந்தார். பதில் வருவதற்குள் மெட்டியுஸின் கால் எழுந்தது. வாசற்படிக்கு மேலே, இங்கே வைக்கலாமா அங்கே வைக்கலாமா என்று அந்தரத்தில் ஆடியது.

"யோவ், நில்லுய்யா! இடறிடாதே! இன்னிக்குப் பாத்து, என் வீட்டுப் படியில!"

அலறிப் பாய்ந்த ருல்லுஸ், ரோமாபுரி வழக்கப்படி மணப்பெண்ணைத் தூக்குவதுபோல் இரு கையாலும் கிழவரை அள்ளித் தூக்கி, படியைத் தாண்டி உள்ளே கொண்டுபோனார். தெரு முழுக்கப் பார்த்தது. கல்யாணத்தில் வீசும் கொட்டைகள் வந்து விழுந்தன. "அண்ணனே கொண்டாந்து சேத்துட்டாருடி!" என்று செஸ்தியா கத்தினாள். மெட்டியுஸ் அவர் தோளில் தலைசாய்த்தபடி, குன்று அதிரும் குரலில், "ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!" என்று தன்னைத்தானே ஏலம் முடித்துக்கொண்டார்.

ருல்லுஸ் அடுப்பருகே நின்றுவிட்டார். சுமையை இறக்கவும் தோன்றவில்லை. முகம் சாம்பல்போல் வெளுத்திருந்தது.

"விபிடியா, உள்ள வந்தப்ப வலது கால்தானே மொதல்ல வெச்சேன்?"

"வலதுதாண்ணே," என்றாள். அவள் பார்க்கவே இல்லை.