கைப்பேசி பூசிய பொலிவு

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை நானே சொல்லிவிடுகிறேன். ஒரு மதியம் யாரிடமோ வீடியோவில் பேசிக்கொண்டிருந்தேன். பேசியவரை விட்டுவிட்டு, மூலையில் இருந்த சின்னக் கட்டத்தில் என்னையே பார்த்துக்கொண்டிருந்தேன். (நீங்களும் அப்படித்தான். மறுக்காதீர்கள்.) கண்ணுக்குக் கீழே கருவளையம் இல்லை, கன்னத்தில் தழும்பு இல்லை. இந்த வயதில் இப்படி ஒரு களையா என்று பூரித்துப்போனேன். முகத்தை அழகாக்கிக் காட்டும் வசதி ஒன்று, வாங்கிய நாளிலிருந்தே கைப்பேசியில் ஓடிக்கொண்டிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அசடு வழிந்தேன். பிறகு ஒரு எண்ணம் வந்தது. இந்தப் பக்கம் ஒரு நோயாளியும் அந்தப் பக்கம் ஒரு டாக்டரும் இருந்தால்? அதற்குமேல் சிரிப்பு வரவில்லை.

2

முதல் தொடக்கம்: "தாமரை முகத்தில் சோர்வு படர, அவள்…" வேண்டாம்.

இரண்டாவது: "திரைவழி மருத்துவத்தில் நோயாளிக்கு உள்ள உரிமைகளை நோக்குமிடத்து…" இது கட்டுரை. கட்டுரையில் யாருக்கும் குமட்டுவதில்லை.

மூன்றாவது: அவள் பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிறவள். ஜன்னல் இல்லாத அறை, சத்தம் எதிரொலிக்காமல் இருக்கச் சுவரெல்லாம் பஞ்சு, மேஜையில் ஒரு மைக். ஓட்டுநர்கள் அவளை 'மைக் அக்கா' என்பார்கள். அவள் குரல் ஊருக்கே தெரியும், முகம் யாருக்கும் தெரியாது. வேலைக்கு எடுத்த அதிகாரி, "குரல் போதும்மா, முகத்தை யார் பார்க்கப் போறாங்க?" என்றார். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். அவள் அதை இன்றுவரை மறக்கவில்லை.

இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

மைக் அக்காவுக்குக் காய்ச்சல். லீவு கிடைக்கவில்லை. இரண்டு அறிவிப்புகளுக்கு நடுவே கைப்பேசியைத் தண்ணீர்ப் பாட்டிலில் சாய்த்துவைத்து டாக்டரை அழைத்தாள். காய்ச்சலில் அறை மெல்ல ஆடியது. வெளியே பேருந்துகள் தண்ணீருக்கு அடியில் ஓடுவதுபோல் கேட்டது.

"என்னம்மா பண்ணுது?"

"ஒரே அசதி டாக்டர். சாப்பாட்டு வாசனையே ஆகல. உடம்பெல்லாம் அரிக்குது."

"முகத்தைப் பார்த்தா நோயாளி மாதிரியே தெரியலையே! பளிச்சுனு இருக்கீங்க. சாதாரணக் காய்ச்சல்தான். உடம்புவலிக்கும் சேர்த்து மாத்திரை எழுதறேன், விடாம போடுங்க."

அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. சிறுநீர் கருத்துப் போவதைச் சொல்ல நினைத்திருந்தாள். இவ்வளவு அழகாக இருக்கும்போது அதை எப்படிச் சொல்வது?*

* சொல்லாதது அவள் தவறா, கேட்காதது அவர் தவறா? அடிக்குறிப்பில் தீர்த்துவிடலாம் என்று பார்த்தேன், முடியவில்லை.

4

டாக்டரைப் பற்றி. முதல் வரைவில் அவரை வில்லனாக்கி, கொட்டாவி விட வைத்து, ஓரக்கண்ணால் கிரிக்கெட் பார்க்க வைத்து… நிறுத்திக்கொண்டேன். அவர் நல்ல மனிதர். காலையிலிருந்து கட்டங்களுக்குள் முகம் முகமாகப் பார்த்துக் களைத்தவர். மேஜையில் டீ ஆறிக்கிடக்கிறது. 'பளிச்சுனு இருக்கீங்க' என்றதும் மனதாரச் சொன்னதுதான்.

ஆனாலும் கண்ணைக் கீழே இழுத்துக் காட்டச் சொல்லவில்லை. சிறுநீரின் நிறம் கேட்கவில்லை. 'திரையில எனக்குச் சரியாத் தெரியாது, நேர்ல வாங்க' என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அவர் மேல் கோபம்தான். நல்லவர் என்பதால் அது குறையவும் இல்லை.

5

தங்கை வெளியூரில் இருக்கிறாள். ஒரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் புகார்களைத் தொலைபேசியில் வாங்கும் வேலை. புகார்கள் எப்படிச் சாகின்றன என்று அவளுக்கு அத்துப்படி. அவளும் தினம் அக்காவை வீடியோவில் பார்த்து, 'நல்லாத்தானே இருக்கா' என்று ஏமாந்தவள்தான். ஒரு நாள் நேரில் வந்தாள். கதவைத் திறந்த அக்காவின் நிறம் சற்று மாறியிருந்தது. தங்கை பையைக் கீழே போட்டுவிட்டு அழைத்துக்கொண்டு ஓடினாள்.

ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்: மஞ்சள் காமாலை. ஏற்கெனவே நொந்துபோன கல்லீரலை அந்த மாத்திரைகள் போட்டு வதைத்திருக்கின்றன. உயிர் தப்பியது. குரல் தப்பவில்லை. ஒரு வரி பேசினாலே மூச்சு வாங்கி உடைந்தது. அந்த அறையில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

தங்கை சட்டம் படிக்கவில்லை, ஆனால் விடாப்பிடிக்காரி. உரையாடலின் பதிவையும் மருந்துச் சீட்டின் நகலையும் கேட்டாள். டாக்டரை வீடியோவில் இணைத்துவிட்ட சேவை நிறுவனம் முதலில் இழுத்தடித்தது.

"உங்க அக்காதான் எல்லாத்துக்கும் சம்மதம்னு டிக் அடிச்சிருக்காங்களே, மேடம்."

"திரையில பார்க்கத்தான் சம்மதிச்சா. தப்பாப் பார்த்தாலும் பரவாயில்லன்னு எங்கயும் எழுதிக் குடுக்கல. அவ உடம்பைப் பத்தின பதிவு, அவ கேட்டா குடுத்துத்தான் ஆகணும்."

கொடுத்தார்கள். பதிவில் அக்கா ஜொலித்தாள்; அவள் கைப்பேசியிலும் அதே அழகுப் பூச்சு ஓடிக்கொண்டிருந்தது. 'நான் கண்டது ஆரோக்கியமான முகம்' என்று, அக்கா பெயரில் தங்கை கொடுத்த புகாருக்கு டாக்டர் எழுதிய பதிலுக்கு அதுவே சாட்சி. புகார்க் குழு விசாரணை வைத்தது. அதுவும் வீடியோவில். தங்கையின் திட்டம் எளிது: அக்கா முதலில் அந்தப் பூச்சோடு தோன்ற வேண்டும். பிறகு எல்லோர் முன்னாலும் அதை அணைக்க வேண்டும்.

"மாட்டேன்" என்றாள் அக்கா.

6

இங்கே கதை நின்றுவிட்டது. நானும் மேஜையிலேயே தூங்கிவிட்டேன். மின்விசிறிக்கு மேலிருந்து ஒரு குரல் வந்தது. உடையாத, பழைய குரல்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. இந்தக் கதையை எழுதுபவர் எங்கிருந்தாலும் உடனே அறிவிப்பு அறைக்கு வரவும்."

போனேன். பஞ்சுச் சுவர் மூச்சு விடுவதுபோல் ஏறி இறங்கியது. மைக் அக்கா எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தாள்.

"இத்தனை வருஷத்துல நான் நல்லா இருக்கேன்னு சொன்னது அவர் ஒருத்தர்தான். அவர் மேலயே புகார் குடுக்கச் சொல்றீங்க. அதுவும் அவர் கண்ணு முன்னாடி என் மூஞ்சிய உரிச்சுக் காட்டணுமா?"

"அதைக் காட்டலேன்னா புகார் நிக்காதும்மா. அவரு அடுத்து இன்னொருத்தியையும் பளிச்சுனு இருக்கீங்கன்னு அனுப்பிருவாரு."

"நியாயம் பேசறீங்களாக்கும். நீங்க மட்டும் என்னை எப்படி எழுதினீங்க? அஞ்சாவது பகுதியைத் திருப்பிப் பாருங்க."

பார்த்தேன். 'நிறம் சற்று மாறியிருந்தது.' நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல் இருந்தது. நானும் பூசித்தான் விட்டிருக்கிறேன்.

திருத்துகிறேன்: கதவைத் திறந்த அக்காவின் வெள்ளைவிழிகள் மஞ்சள் கிழங்கை உரசியதுபோல் இருந்தன. கழுத்திலும் கையிலும் சொறிந்த கீறல்கள், சிலவற்றில் ரத்தம் காய்ந்திருந்தது. கால்கள் வீங்கி, செருப்பு வார் சதைக்குள் புதைந்திருந்தது. உதட்டில் தோல் உரிந்திருந்தது. தங்கை அலறினாள்.

எழுதி முடித்தபோது எனக்குக் கண் கலங்கியது. அவள் படித்துப் பார்த்தாள்.

"இவ்வளவு மோசமாவா இருந்தேன்?"

"ஆமாம்மா."

"யாரும் சொல்லவே இல்லையே" என்றாள். பிறகு, "விசாரணை என்னைக்கு?" என்று கேட்டாள்.

7

முடிவுகள்.

அ) அவள் புகாரைத் திரும்பப் பெறுகிறாள். டாக்டர் ஒரு பூங்கொத்து… (சீ!)

ஆ) குழு அவள் பக்கம் தீர்ப்பளிக்கிறது, குரலும் திரும்பி வருகிறது. கல்லீரல் கதாசிரியன் பேச்சைக் கேட்காது.

இ) என்னால் எழுத முடிந்தது இவ்வளவுதான்:

விசாரணை நாள். திரையில் கட்டங்கள். குழுத் தலைவி, டாக்டர், தங்கை, மைக் அக்கா. பூச்சோடு ஜொலித்த அக்காவைப் பார்த்து டாக்டர், "இதே முகம்தாங்க. யாரா இருந்தாலும் நல்லா இருக்காங்கன்னுதான் சொல்லுவாங்க" என்றார். அவர் பொய் சொல்லவில்லை.

"இப்ப அதை எடுங்கம்மா" என்றார் தலைவி.

அக்காவின் விரல் திரைக்கு அருகில் வந்து நின்றது. கொஞ்ச நேரம் அந்த அழகியைப் பார்த்தாள். பிறகு அணைத்தாள். கன்னம் ஒட்டியது, தோல் மங்கியது, கண்களில் இன்னும் இறங்காத மஞ்சள் தெரிந்தது. தங்கை வாயைப் பொத்திக்கொண்டாள். டாக்டர் முன்னால் குனிந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, அப்போதுதான் முதல்முறையாக அவளைப் பார்த்தார்.

குழுவில் ஓர் இடம் காலியாக இருந்தது. உங்களைக் கேட்காமலே உங்களை அங்கே உட்காரவைத்துவிட்டேன். தலைவி மனதுக்குள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டார். எந்தப் பக்கம் என்று சொல்லமாட்டேன், உங்கள் முடிவைக் கெடுத்துவிடும். டாக்டருக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதைத் தெரிந்தேதான் சொல்கிறேன்: யோசித்துச் சொல்லுங்கள், ஆனால் சொல்லுங்கள்.

அக்கா உங்கள் கட்டத்தை நேராகப் பார்க்கிறாள். உடைந்த குரலில் கேட்கிறாள்.

"நான் தெரியறேனாங்க?"

உங்கள் மைக் இன்னும் மூடியே இருக்கிறது.