அந்தியேட்டி முடிந்த பேச்சு

முத்தமிழ் மின்மன்றம், புலம்பெயர்ந்த குளிர்நாட்டு நகரின் புறத்தே மல்வேர்னில், அகஸ்ரின் வீட்டு நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்கும் அரிசி மூட்டைக்கும் நடுவே ஒரு கொம்பியூட்டராக இருந்தது. அதற்கு ஒரேயொரு ரெலிபோன் இணைப்பு. ஆகவே மன்றத்துக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் நுழையலாம். வந்தவர் முன்னால் வந்துபோனவர் எழுதியதை வாசிப்பார். ஆங்கில எழுத்துகளில் தமிழை எழுதி வைப்பார். அவர் வெளியேறிய பிறகு அடுத்தவர் வருவார். இப்படி ஒருபோதும் ஒன்றாகக் கூடாத ஒரு சபையில் தொண்ணூறுகளின் நடுப்பகுதி முழுவதும் கடுமையான விவாதங்கள் நடந்தன. அகஸ்ரினின் மனைவி மேலே ரிசீவரைத் தூக்கினால் சபை கலைந்துவிடும்.

சபை என்றால் தலைவர் வேண்டும். தலைவர் என்றால் பொன்னம்பலம் வேண்டும். பகலில் கார்த் தரிப்பிடமொன்றின் கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து தடுப்புக் கம்பத்தை உயர்த்தியும் தாழ்த்தியும் வந்த அவர், மாலையில் மன்றத்தின் தலைமை நெறியாளராக அதே வேலையைச் செய்தார். அவர் வகுத்த விதிகளில் அவருக்கே மிகப் பிடித்தது, செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் செய்யும் கிரியையின் பெயரால் வைத்த அந்தியேட்டி விதி. ஒரு பேச்சு ஓய்ந்து மாதமொன்று கடந்தால் அது இறந்ததாகக் கொள்ளப்படும். முப்பத்தோராம் நாள் பொன்னம்பலம் அதன் அடியில், "இவ்விவாதம் சாந்தியடைந்தது. அந்தியேட்டி நிறைவேறியது. இனி எவரும் எழுப்பற்க" என்று எழுதுவார். எழுப்ப முடியாதபடி பூட்டுவது எப்படி என்று அகஸ்ரினுக்குத் தெரியாது. ஆகவே இறந்த பேச்சுகள் எல்லாம் திறந்தபடியே கிடந்தன.

யூஜினிக்கு இந்த விதி தெரியாது.

அவள் சென் ஜேம்ஸ் ரவுணில், தமையன் குடும்பத்தோடு ஒரு உயர்ந்த கட்டிடத்தில் இருந்தாள். விடிய முன் பேக்கரிக்குப் போய் மத்தியானம் திரும்புவாள். வீட்டில் அப்போது யாரும் இருப்பதில்லை. ஜன்னலுக்கு வெளியே பனி, விழுவதா ஏறுவதா என்று தெரியாதபடி மிதந்துகொண்டிருக்கும். பாதித் தூக்கத்தில் கிடப்பவளுக்குத் தன் கட்டிலும் அப்படி மிதப்பதாகத் தோன்றும். அந்த நேரத்தில்தான் சுவரோர ஹீற்றர் தட்டும். முதலில் மூன்று. கொஞ்சம் பொறுத்து இரண்டு. முந்திய மூன்றும் அவசரமானவை. பிந்திய இரண்டும் அவ்வளவு மெல்லியவை, மன்னிப்புக் கேட்பதுபோல.

அண்ணி சாம்பவி வேலையால் வரும்போது தட்டல் ஓய்ந்திருக்கும்.

"எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே," என்றாள் அண்ணி, ஹீற்றரில் காதை வைத்துப் பார்த்து. "உம்மடை அண்ணருக்கும் கேக்கேல்லை. பிள்ளையளுக்கும் கேக்கேல்லை. உமக்கு மட்டும் எப்பிடிக் கேக்கும்?"

"நீங்கள் இல்லாத நேரத்திலைதான் அண்ணி."

"அதைத்தான் நானும் சொல்லுறன். ஆரும் இல்லாத நேரத்திலை ஆரோ தட்டுகினம். டொக்ரரிட்டைப் புதன்கிழமைக்கு அப்பொயின்மென்ற் எடுத்திருக்கிறன். நல்ல தமிழ் டொக்ரர். ஒண்டுக்கும் யோசியாதையும்."

அண்ணி கெட்டவள் அல்ல. சண்டைக் காலத்தில் இரவில் கதவில் தட்டிய சத்தங்களின் பின் என்னென்ன நடந்தன என்று ஊரிலிருந்து வந்த எல்லோருக்கும் தெரியும். யூஜினியும் யோசித்தாள். ஒருவேளை தட்டல் தன் தலைக்குள்தான் இருக்கிறதோ என்று முதன்முறையாகப் பயம் வந்தது. தனக்கு வேண்டியது ஒன்றுதான் என்று அவளுக்குத் தோன்றியது. இதே சத்தத்தைக் கேட்ட இன்னொரு ஆள்.

அந்த ஆளை அவள் ஒரு மத்தியானம் கண்டுபிடித்தாள். பிள்ளைகளின் கொம்பியூட்டரில் மன்றத்தைப் பிடித்து, ஒருவரும் போகாத அடியாழம் வரை வாசித்துக்கொண்டு போனபோது, இரண்டு குளிர்காலத்துக்கு முந்திய ஒரு பேச்சு அகப்பட்டது. நவரட்ணம் என்பவர் எழுதியிருந்தார்: "சென் ஜேம்ஸ் ரவுணில் என் வீட்டு ஹீற்றர் மத்தியானங்களில் மூன்று தரம் தட்டுகிறது. வேறு யாருக்காவது கேட்கிறதா?"

அதன் கீழே நீண்ட விவாதம். ஹீற்றரை வெப்பமூட்டி என்பதா, கணப்பு என்பதா என்று இரண்டு கட்சி. ஒருவர் சங்க காலத்தில் ஹீற்றர் இருந்ததற்கு ஆதாரம் தருவதாகச் சொல்லிவிட்டுக் காணாமல் போயிருந்தார். கேட்கிறதா என்ற கேள்விக்கு ஒருவரும் பதில் எழுதவில்லை. நவரட்ணமும் பிறகு எழுதவில்லை. கடைசியில் பொன்னம்பலத்தின் அந்தியேட்டி.

யூஜினி அந்தியேட்டிக்குக் கீழே எழுதினாள்: "எனக்குக் கேட்கிறது. உங்களுக்கு இன்னும் கேட்கிறதா?"

மறுநாள் மன்றம் கொந்தளித்தது. செத்ததை எழுப்பியதால் மன்றம் தீட்டாகி, துடக்குப்பட்டுவிட்டது என்று ஒருவர் எழுதினார். மின்சாரத்துக்குத் துடக்கு இல்லை என்றார் இன்னொருவர். அப்படியானால் மின்மயானத்தை என்ன செய்வது என்று மூன்றாமவர் கேட்டார். எழுப்பியவர் வேதக்காரப் பெண், அவர்களுடைய சமயத்தில் செத்தவர் எழும்புவது வழக்கம்தான் என்று நாலாமவர் சமாதானம் சொன்னார். நவரட்ணத்திடமிருந்து ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ரெலிபோன் அடித்தது.

"நான் பொன்னம்பலம் கதைக்கிறன். தலைமை நெறியாளர்."

"சொல்லுங்கோ அங்கிள்."

"பிள்ளை, நீர் எழுப்பின பேச்சுக்கு அந்தியேட்டி முடிஞ்சுது. சாம்பலும் கரைச்சாச்சு. அதுக்குப் பிறகு ஒருத்தரும் போய்க் கூப்பிடுறேல்லை. அது மரியாதை."

"எனக்குத் தெரியாது அங்கிள். நாங்கள் செத்தவைக்கு வருசா வருசம் கோயில்லை பூசை குடுத்துக் கூப்பிடுறனாங்கள்."

"அது உங்கடை முறை. மன்றத்துக்கு எண்டு ஒரு முறை இருக்கு."

"சரி அங்கிள். ஆனா ஆள் சாகேல்லைத்தானே?"

"ஆர்?"

"நவரட்ணம்."

பொன்னம்பலத்தின் கண்ணாடிக் கூட்டுக்கு வெளியே ஒரு கார் ஹோர்ன் அடித்தது யூஜினிக்குக் கேட்டது. இத்தனை அந்தியேட்டி செய்தவருக்கு, பேச்சுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கலாம் என்பது புதிய சங்கதியாக இருந்தது.

"எனக்கு நாளைக்கு டொக்ரரிட்டைப் போக இருக்கு, அங்கிள். உந்தச் சத்தம் என்ரை தலைக்குள்ளை எண்டு அண்ணி சொல்லுறா. அவருக்கும் கேக்குதெண்டு ஒரு சொல்லுச் சொன்னாப் போதும்."

பொன்னம்பலம் தொண்டையைச் செருமினார். செய்ய வேண்டியதை உடனே செய்துவிடுகிற மனிதர் அல்லர் அவர். முதலில் அதற்கு ஒரு விதி வேண்டும். கொஞ்சம் யோசித்து ஒன்றைக் கண்டுபிடித்தார்.

"கர்த்தாவின்ரை சம்மதம் இருந்தால் விசேசமா யோசிக்கலாம். தொடக்கினவர்தான் கர்த்தா. ஆனா உதை ரெலிபோனிலை கேக்கேலாது. நேரிலை போய்த்தான் கேக்கவேணும்."

மன்றத்தில் சேருவோர் வீட்டு விலாசம் தரவேண்டும் என்பதும் அவருடைய விதிதான். மகளின் கலியாணக் கார்ட் அனுப்ப உதவும் என்று வைத்திருந்தார். அகஸ்ரினிடம் விலாசத்தைக் கேட்டு வாங்கி, அவர் திரும்ப ரெலிபோன் எடுத்து வாசித்தபோது யூஜினி ரிசீவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அது அவளுடைய கட்டிடம். அவளுடைய வீட்டுக்கு நேர் மேலே.

ஒரு மணித்தியாலம் கழித்து பொன்னம்பலம் கோட்டும் ரையுமாக வந்து இறங்கினார். பின்னால் அகஸ்ரின், கையில் ஒரு பிஸ்கட் பெட்டியோடு.

"உதென்ன?" என்றார் பொன்னம்பலம்.

"வெறுங்கையோடை எப்பிடி அண்ணை ஒரு வீட்டுக்குப் போறது?"

"செத்த வீட்டுக்கு ஒண்டும் கொண்டு போறேல்லை."

"ஆர் அண்ணை செத்தது?"

"பேச்சு."

அகஸ்ரின் பெட்டியை ஜக்கெற்றுக்குள் செருகிக்கொண்டார். மூவரும் லிஃப்ற்றுக்குள் நுழைந்தார்கள். அது ஏறுகிறதா, கட்டிடம்தான் கீழே இறங்குகிறதா என்று சொல்ல முடியாதபடி மெதுவாக ஏறியது. யூஜினி மாடி இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த ஆளும் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டால்?

கதவைத் திறந்தவர் இடுப்பில் சாரமும் மேலே தடித்த ஸ்வெற்றரும் போட்டிருந்தார். பின்னேர ஷிஃப்ற்றுக்குப் போக முன் ஒரு கண் தூங்குகிறவரின் முகம்.

"நவரட்ணம், நான் பொன்னம்பலம்."

"அண்ணையே. உள்ளை வாங்கோ." குரலில் கோபமும் இல்லை, ஆச்சரியமும் இல்லை. இரண்டு வருடமாக இவர்களை எதிர்பார்த்து இருந்தவர்போல நாற்காலியில் கிடந்த உடுப்புகளை எடுத்தார்.

பொன்னம்பலம் இருக்கவில்லை. நின்றபடியே கர்த்தா, சம்மதம், விசேட சந்தர்ப்பம் என்று ஆரம்பித்தார். அவர் மூச்சு வாங்கிய இடத்தில் யூஜினி புகுந்தாள்.

"அண்ணை, உங்களுக்கு இன்னும் கேக்குதோ?"

நவரட்ணம் அவளைப் பார்த்தார். "நீங்கள்தானே யூஜினி? வாசிச்சனான். ஒவ்வொரு நாளும் வாசிக்கிறனான்."

"அப்ப ஏன் பதில் எழுதேல்லை?"

"எப்பிடி எழுதுறது? அந்தியேட்டி முடிஞ்சுதெண்டு அண்ணை போட்டிருக்கிறாரே." அவர் பொன்னம்பலத்தைப் பார்த்து மரியாதையாகச் சிரித்தார். "முறை முறைதானே."

அப்போது சுவரோரம் தட்டியது. மூன்று தரம், அவசரமாக.

அகஸ்ரின் திடுக்கிட்டதில் பிஸ்கட் பெட்டி கீழே விழுந்தது. பொன்னம்பலத்தின் கை தன்பாட்டில் ரையைப் பிடித்தது. யூஜினி அசையவில்லை. சத்தத்தைக் கவனிக்கவில்லை அவள். அதைக் கேட்டவர்களின் முகங்களைத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தண்ணி சூடாகேக்கை குழாய் விரியுது," என்றார் நவரட்ணம். "ஒரு நிமிசம் பொறுங்கோ."

ஹீற்றருக்குப் பக்கத்தில் நூலில் ஒரு தேக்கரண்டி தொங்கியது. அவர் குந்தி இருந்து, அதை எடுத்து, குழாயில் மெல்ல இரண்டு தட்டுத் தட்டினார்.

"என்ன காணும் செய்யிறீர்?" என்றார் பொன்னம்பலம்.

"பதில் சொல்லுறன் அண்ணை. மன்றத்திலை ஒருத்தரும் பதில் சொல்லேல்லை. அப்ப எனக்கு விளங்கினது, பதில் வராட்டி கேட்டவனுக்கு அது எப்பிடி இருக்குமெண்டு. குழாய்தான், தெரியும். எண்டாலும் ஒண்டு தட்டேக்கை பேசாமல் இருக்கிறது மரியாதை இல்லைத்தானே."

பொன்னம்பலம் ரையைத் தளர்த்திக்கொண்டு நாற்காலியில் இருந்தார். அகஸ்ரின் குனிந்து பிஸ்கட் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். நவரட்ணம் தேத்தண்ணி ஊற்றினார். மூன்றும் இரண்டும் யாருடையவை என்று யூஜினி மனதுக்குள் பிரித்துப் பார்த்துக்கொண்டே நொறுங்கிய பிஸ்கட்டைத் தின்றாள். அழுகை வந்தது. பிஸ்கட்டில் புரைக்கேறியதாகச் சொன்னாள்.

புறப்படும்போது பொன்னம்பலம் பழக்கதோஷத்தில், செத்த வீட்டில் செய்வதுபோல, ஒன்றும் சொல்லாமல் எழுந்து நடந்தார்.

"என்னண்ணை, வாறன் எண்டு சொல்லாமல் போறியள்?" என்றார் நவரட்ணம். "இஞ்சை ஆர் செத்தது?"

பொன்னம்பலம் வாசலில் நின்றார். கொஞ்ச நேரம் கதவின் இலக்கத்தைப் படித்தார்.

"வாறன்," என்றார்.

அண்ணி அன்று நேரத்தோடு வந்திருந்தாள். நாத்தனார் சொன்னதை அவள் நம்பவில்லை. தமையன் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டாள். கோட்டும் ரையும் போட்ட ஒருவர் கீழே இறங்கி வந்து அவள் வரவேற்பறையில் நின்று, "தலைமை நெறியாளர் என்ற முறையில் நான் நேரில் கேட்டனான்" என்று சொன்னதும் நம்பினாள். புதன்கிழமை அப்பொயின்மென்ற்றைத் தன் முழங்கால் வலிக்கு மாற்றிக்கொண்டாள்.

மன்றத்தில் பொன்னம்பலம் ஒரு திருத்தம் வெளியிட்டார். நீளமானது. ஆள் உயிரோடிருக்கும் வரை அவர் கேட்ட கேள்விக்கு அந்தியேட்டி இல்லை என்பது அதன் சாரம். இதை முதலில் யோசித்தவர் தானே என்பதும் அதில் இருந்தது. அதன் அடியில் வெப்பமூட்டியா கணப்பா என்ற விவாதம் மறுபடி தொடங்கியது. அன்று மன்றத்துக்குள் நுழைய ஒருவருக்கும் லேசில் இணைப்புக் கிடைக்கவில்லை.

யூஜினி அதை வாசிக்கவில்லை. புதன்கிழமை மத்தியானம் அவள் கட்டிலில் கிடந்தாள். பனி எங்கும் போகாமல் ஜன்னலில் நின்றது. குழாய் மூன்று தரம் தட்டியது. மேலேயிருந்து இரண்டு வந்தது. அவள் கையை நீட்டி, தலையணைக்குக் கீழே இருந்த கரண்டியை எடுத்து, ஒரேயொரு தட்டுத் தட்டினாள்.

மேலே கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ஷிஃப்ற்றுக்குப் போய்விட்டாரோ என்று நினைத்தாள்.

பிறகு, ஒன்று.