மூன்று பூட்டு

புருல் மண்டிபோட்டுச் சமையலறைத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவள் வேலை செய்யும் வீட்டின் சொந்தக்காரி ரவ்ஷான் அக்கா கல்யாண விருந்துக்குக் கிளம்பி இரண்டு மணி நேரமாகிறது. கிளம்பும்போது எதையும் மறக்கவில்லை. டிவியைச் சத்தமாக வைத்தாள். செத்துப்போன கணவனின் பூட்ஸை எடுத்து வாசலில் போட்டாள், ஆம்பிளை இருக்கிற வீடு என்று தெரியட்டுமென்று. பிறகு இரும்புக் கதவின் மூன்று பூட்டையும் வெளியிலிருந்து பூட்டினாள். உள்ளே ஆள் இருந்தால் திருடன் வரமாட்டான். சாவி இல்லாவிட்டால் அந்த ஆளும் எதையும் தூக்கிக்கொண்டு போகமுடியாது. கெட்டிக்காரிதான்.

போன் அடித்தது. தங்கை ஜில்டிஸ்.

"அக்கா, மீரிமுக்கு இழுப்பு வந்துடுச்சு. பழைய இன்ஹேலர்ல ஒண்ணுமே வரல. புதுசு எங்க வச்ச?"

காலையில் வேலைக்கு வரும் வழியில் வாங்கியது புருலின் பையிலேயே கிடந்தது. மகள் மீரிமுக்கு நாலு வயது.

"ஆம்புலன்ஸுக்குச் சொன்னியா?"

"சொல்லியாச்சு. எப்ப வரும்னு தெரியாதாம்."

"புள்ளைய நம்ம வாடகை வீட்டுக்காரம்மாகிட்ட விட்டுட்டு டாக்ஸி புடிச்சு வா. தரைத்தளம்தான், ஜன்னல் கம்பி வழியா தரேன்."

இருபது நிமிடத்தில் ஜில்டிஸ் வந்துவிட்டாள். கம்பிகளுக்கிடையே கை மட்டும்தான் நுழையும். புருல் இன்ஹேலரை நீட்ட, தங்கை வாங்கிக்கொண்டு ஓடினாள்.

மாடியில் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்த தோலேகன் அதைப் பார்த்துவிட்டார். போன வருஷம் தன் வீட்டில் திருட்டுப் போனதிலிருந்து குடியிருப்பின் முற்றத்துக்கே காவல்காரர் மாதிரி ஆகிவிட்ட மனிதர். அவர் போட்ட சத்தத்தில் கீழே கார் கழுவிக்கொண்டிருந்த இரண்டு பேர் ஜில்டிஸின் தோளைப் பிடித்துவிட்டார்கள்.

"உள்ள இருந்து ஒருத்தி எடுத்துக் குடுக்குறா, வெளிய ஒருத்தி வாங்கிட்டு ஓடுறா. நல்ல ஜோடி," என்றபடி தோலேகன் இறங்கி வந்து இன்ஹேலரைப் பிடுங்கிக்கொண்டார்.

"அண்ணே, அது என் புள்ளையோட மருந்து," என்று கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள் புருல். "ரசீது என் பையில இருக்கு, பாருங்க."

"ரசீதெல்லாம் யாரு வேணா வச்சிருக்கலாம்."

ரவ்ஷானுக்கு அவரே போன் செய்தார். மூன்றாவது தடவைதான் எடுத்தாள். பாட்டுச் சத்தத்துக்கு நடுவே அவள் குரல் எல்லோருக்கும் கேட்டது.

"இன்ஹேலரா? என் மருந்துப் பெட்டியில இருந்ததாத்தான் இருக்கும். வேற என்னெல்லாம் போச்சோ. நான் வர்ற வரைக்கும் ரெண்டு பேரையும் விடாதீங்க. கேக் வெட்டினதும் கிளம்பிடுறேன்."

"என்னைக் கட்டிக்கூடப் போடுங்க," என்று அழுதாள் ஜில்டிஸ். "அதை மட்டும் யாராவது கொண்டுபோய்க் குடுங்க. புள்ள செத்துடும்."

"இவளுங்க இப்படித்தான் அழுவாளுங்க," என்றான் கார் கழுவியவன்.

தோலேகன் இன்ஹேலரைப் பிளாஸ்டிக் பையில் போட்டு, கைரேகை அழியக்கூடாதென்று முடிச்சும் போட்டார்.

அப்போது ஜில்டிஸின் கோட்டுப் பைக்குள் போன் அடித்தது. குழந்தையோடு இருக்கும் வீட்டுக்காரம்மாவாகத்தான் இருக்கும். கையை விடுவித்துக்கொள்ளத் திமிறினாள்.

"எடுக்க விடாத," என்றார் தோலேகன். "கூட்டாளியா இருக்கும்."

போன் வெகுநேரம் அடித்தது. பிறகு நின்றது. மறுபடி அடிக்கவில்லை.