மாமி கூடத்தில் பிழைத்தவன்

சுஹைனாவின் தொடர்கதைக்குக் காரைக்காலில் ஒரே ஓர் எதிரிதான் உண்டு. அவளுடைய தாய்மாமன் மனைவி கமர் நிஷா. பாவம், மாமிக்கே அது தெரியாது.

அவள் எழுதும் கதை வருவது கைபேசிச் செயலியில். தினம் ஓர் அத்தியாயம். நாலு ரூபாய் கட்டினால்தான் திறக்கும். கணவன் துபாய் வேலையை இழந்து திரும்பியதிலிருந்து வீட்டில் அடுப்பு எரிவது அந்த நாலு ரூபாய்களில்தான். மாதக் கடைசிக்குள் முந்நூறு பேராவது காசு கட்டிப் படிக்காவிட்டால் கதையை நிறுத்திவிடுவதாக நிறுவனம் எழுதியிருந்தது. அதற்கு இன்னும் பன்னிரண்டு பேர் தேவை.

தெருவில் கதை தெரியாத பெண் இல்லை. காசு கட்டியவர் மட்டும் மாமி ஒருவரே. பழைய கிஸ்ஸாக் கதையானாலும் வளைகுடாவிலிருந்து வரும் கடிதமானாலும் அந்தத் தெருவில் ஒருவர் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். கைபேசி வந்துவிட்டது என்பதற்காக வழக்கத்தை மாற்ற முடியுமா? மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் மாமி வீட்டுக் கூடத்தில் பதினாலு பேர் கூடிவிடுவார்கள்.

ஒருவர் காசில் இத்தனை பேர் கேட்பது நியாயமா என்று இன்று கேட்டே விடுவதாகச் சுஹைனா கிளம்பிப் போனாள். வாசலிலேயே கால் நின்றுவிட்டது. உள்ளே மாமி ஏற்ற இறக்கத்தோடு படித்துக்கொண்டிருந்தார். கதாநாயகியின் கணவன் காஜா மைதீன் கரையேறி வந்து இடியாப்பம் தின்றுகொண்டிருந்தான். முந்தாநாள்தான் சுஹைனா அழுதுகொண்டே அவனைக் கடலில் மூழ்கடித்திருந்தாள்.

"அவன்தான் மவுத்தாயிட்டானே மாமி."

மாமி கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் புள்ளைய விதவையாக்க எனக்கு மனசு வரலம்மா. பதினேழாம் அத்தியாயத்துலேருந்தே நாந்தான் கொஞ்சம் பாத்து மாத்திப் படிச்சுக்கிட்டு வர்றேன்."

சுஹைனாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவள் வாய் திறப்பதற்குள் பக்கத்து வீட்டு சஃபியா மெல்லக் கேட்டாள்.

"அப்ப கதையில அந்த மாமியாக்காரி மன்னிப்புக் கேட்டது?"

"கேக்கவே இல்ல. மருமவள வீட்ட விட்டுத் துரத்திட்டா" என்றாள் சுஹைனா.

அத்தனை பேரும் மாமியைப் பார்த்த பார்வையில் மாமி சுருங்கிப்போனார். தேத்தண்ணீர்கூடக் குடிக்காமல் எல்லோரும் எழுந்து போய்விட்டார்கள்.

மாலை அஸர் தொழுகைக்குள் பதினாலு புது வாசகர்கள். பதினேழாம் அத்தியாயத்திலிருந்து ஒன்று விடாமல் காசு கட்டித் திறந்திருந்தார்கள். மொத்தம் முந்நூற்றிரண்டு என்று காட்டிய எண்ணிக்கையைச் சுஹைனா நாலு தரம் பார்த்தாள்.

மறுநாள் காலை மாமி முகம் வாடி வந்து நின்றார். இனி எழுத்து மாறாமல் உள்ளது உள்ளபடி படிப்பதாகச் சத்தியமே செய்யப் போனார்.

சுஹைனா பதறிப்போய் மாமியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அதெல்லாம் வேணாம் மாமி. காஜா மைதீன் உங்ககிட்ட உசுரோடவே இருக்கட்டும்."