பிரேக்கக்காவும் இலவசப் பரிசோதனையும்

பிரேக்கக்கா என்றால் அந்தப் பக்கத்தில் தெரியாதவர்கள் குறைவு. ஓட்டுநர் பயிற்சிப் பள்ளியின் சின்னக் காரில் பயிற்றுநர் இருக்கைக்குக் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேல் காலை வைத்துக்கொண்டே எத்தனையோ பேருக்கு வண்டி பழக்கியவள் அவள். மாணவர்கள் வைத்த பெயர் வீட்டுக்குள்ளும் நுழைந்துவிட்டது. லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர்கூட, சண்டை முற்றினால், "பிரேக்கக்கா, கொஞ்சம் காலை எடுங்க" என்பார்.

வருடம் முடியப்போகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசியைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தாள். வருடா வருடம் பிரீமியம் கட்டுவார்களே தவிர, ஒரு பக்கத்தைக்கூடப் படித்ததில்லை. இந்த முறை ஏஜென்ட் குறைந்த பிரீமியத்தில் வேறொரு பாலிசி சொல்லியிருந்தார். மாறலாமா வேண்டாமா என்று பார்க்கத்தான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"இதைப் பாருங்க. வருஷத்துக்கு ஒரு தடவை முழு உடம்புப் பரிசோதனை இலவசமாம். நாம ஒரு தடவைகூடப் போனதில்ல. வருஷம் முடிஞ்சா இதுவும் போச்சு."

"எனக்கென்ன கேடு? கல்லு மாதிரி இருக்கேன்."

"கல்லு ரெண்டு மாடி ஏறினா இப்படி மூச்சு வாங்குமா?"

"லிஃப்ட் ரிப்பேர் பண்றவன் எதுக்குடி மாடி ஏறணும்?"

அவருக்கு வேலைக்கு நடுவே இனிப்பு பன் இல்லாமல் கை ஓடாது. சட்டைப் பொத்தான்கள் ஒவ்வொன்றும் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவருக்குச் சர்க்கரை வந்தே தீரும் என்று அவள் மனதுக்குள் எழுதியே வைத்திருந்தாள். விடாமல் நச்சரித்ததில் மனிதர் ஒருவழியாக இறங்கி வந்தார்.

"சரி, வரேன். ஆனா ரெண்டு பேருக்கும்னுதானே போட்டிருக்கு? நீயும் ஊசிக்குக் கையை நீட்டணும்."

"எனக்கு எதுக்குங்க?"

"அப்போ எனக்கும் எதுக்கு?"

இருவரும் போனார்கள். முடிவு சொல்லும் நாளில் மருத்துவர் அவருடைய காகிதங்களைப் புரட்டிவிட்டு, "எடையை மட்டும் குறைங்க. மத்தபடி எல்லாம் நல்லா இருக்கு" என்றார். சர்க்கரையும் இல்லை, கொழுப்பும் இல்லை. அவள் நிம்மதியாகத்தான் மூச்சு விட்டாள். ஆனாலும் அத்தனை பன் தின்றவர் இப்படித் தப்பித்துவிட்டாரே என்று சின்னதாய் ஓர் ஏமாற்றம். அவர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

மருத்துவர் அவள் பக்கம் திரும்பினார். "உங்க இடது கண்ல அழுத்தம் அதிகமா இருக்கும்மா. உடனே கண் டாக்டரைப் பாருங்க."

கண் மருத்துவர் இளம்பெண். விளக்கை வைத்து வெகுநேரம் பார்த்தாள். "இப்பல்லாம் எங்கயாச்சும் இடிச்சுக்கிறீங்களா?"

பிரேக்கக்காவுக்குச் சுருக்கென்றது. கதவு நிலையில் தோளை இடித்துக்கொண்டதும், பக்கத்தில் வந்து நின்ற சைக்கிளைக் கடைசி நொடியில் பார்த்ததும் வரிசையாக நினைவுக்கு வந்தன. தூக்கக் கலக்கம் என்று நினைத்திருந்தாள்.

"ஓரப் பார்வை கொஞ்சம் போயிருக்கு. போனது திரும்பாது. ஆனா மிச்சத்தை அப்படியே காப்பாத்தலாம். வலி இல்லாத நோய். பல பேர் முக்கால்வாசி போனப்புறம்தான் வருவாங்க. நீங்க சீக்கிரம் வந்துட்டீங்க."

"வண்டி ஓட்டலாமா டாக்டர்?"

"பார்வைப் பரப்புச் சோதனை ஒண்ணு இருக்கு. அது முடியற வரைக்கும் வேண்டாம்."

அன்று பேருந்தில் வீடு திரும்பும்போது அவள் ஜன்னல் வழியே எதிரில் வந்த வண்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி ஓட்டாத தன்னை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. கணவர் அவள் இடது பக்கமாக வந்து உட்கார்ந்துகொண்டார்.

மறுநாள் ஏஜென்ட்டுக்குப் போன் போட்டாள். விஷயத்தை மறைக்காமல் சொன்னாள்.

"அக்கா, நீங்க மாறினா எனக்குத்தான் லாபம். ஆனா மாறாதீங்க. புதுசுல கண்ணுக்குக் காத்திருப்புக் காலம் இருக்கு. அது முடியற வரைக்கும் ஒண்ணும் தர மாட்டாங்க. பழசுல உங்களுக்கு அந்தக் காலமெல்லாம் எப்பவோ தாண்டியாச்சு. நாளைக்குக் கண்ணுக்கு லேசர் சிகிச்சை வேணும்னாலும் செலவை ஏத்துக்குவாங்க."

பழைய பாலிசியையே அன்றைக்கே புதுப்பித்தாள். அடுத்ததாகப் பள்ளி முதலாளியிடம் போய் நின்றாள். கண் மருத்துவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தாள். அவர் கார்ச் சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு, "சோதனை முடியட்டும். அதுவரைக்கும் சாலை விதி வகுப்பு எடுங்க. அதை நான் எடுத்தா பசங்க தூங்குறானுங்க" என்றார்.

சோதனை நாளும் வந்தது. கவிழ்த்த கிண்ணம் போன்ற இயந்திரத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுப்புள்ளியை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. எங்காவது வெளிச்சம் மினுங்கினால் கையிலுள்ள பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினாள். அழுத்தினாள். பிறகு நெடுநேரம் ஒன்றுமே மினுங்கவில்லை. ஆனால் இயந்திரம் மட்டும் டிக் டிக் என்று வேலை செய்துகொண்டே இருந்தது. தெரியாத இடத்தில் வெளிச்சம் வந்து போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

சும்மா இரண்டு அழுத்து அழுத்தினால் என்ன? கட்டைவிரல் துடித்தது. வண்டியின் பக்கக் கண்ணாடியைப் பார்க்காமலே "பார்த்தேன் மேடம்" என்று புளுகும் மாணவர்களை எத்தனை முறை வறுத்தெடுத்திருக்கிறாள்! விரலைப் பொத்தானிலிருந்து எடுத்துக்கொண்டு காத்திருந்தாள். அடுத்த வெளிச்சம் தெரிந்த பிறகுதான் அழுத்தினாள்.

வெளியே வந்தபோது கணவர் நகம் கடித்துக்கொண்டிருந்தார்.

மருத்துவர் படத்தைக் காட்டினாள். இடது கண்ணின் ஓரத்தில் ஒரு கறுப்புத் திட்டு. வலது கண் சுத்தம். "ரெண்டு கண்ணும் சேர்ந்து பார்க்கறப்போ, இது விட்டதை அது பிடிச்சுக்குது. ஓட்டலாம், சொல்லியும் குடுக்கலாம். தலையை நல்லாத் திருப்பிப் பாருங்க. தினம் மருந்து விடணும். சொன்ன தேதிக்குத் தவறாம வரணும். அழுத்தம் கூடினா அன்னைக்கே வண்டியை நிறுத்தணும்."

"நிறுத்திடறேன்," என்றாள். சொல்லும்போதே கண்ணில் நீர் முட்டியது. கணவர் மருத்துவரைக் கையெடுத்துக் கும்பிட்டார். பக்கத்தில் நின்ற செவிலியருக்கும் ஒரு கும்பிடு.

வீட்டில் மருந்து விடும் பொறுப்பை அவரே எடுத்துக்கொண்டார். முதல் சொட்டு அவள் புருவத்தில் விழுந்தது. இரண்டாவது மூக்கில்.

"லிஃப்ட்ல இவ்வளவு சின்னத் திருகாணியைப் போடுறீங்க. இவ்வளவு பெரிய கண்ணு தெரியலையா?"

"திருகாணி கண்ணைச் சிமிட்டாதுடி. அசையாம இரு."

அவள் சிரித்தாள். சிரித்ததில் மூன்றாவது சொட்டு காதுப் பக்கம் ஓடியது. அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, அவள் தலையைத் தன் மடிமேல் சாய்த்து, இமையை மெல்ல விலக்கினார். நான்காவது சொட்டு நேராகக் கண்ணுக்குள் இறங்கியது.